மோன் வாந்தூ ஏற்றமும் அதைச் சுற்றியுள்ள சாலைகளும்: கேள்வி பதில்

தென் பிரான்சின் புரோவான்ஸ் பகுதியில், சுற்றிலும் வேறு பெரிய மலை எதுவும் இல்லாமல் தனித்து நிற்கும் 1910 மீட்டர் உயர மலைதான் மோன் வாந்தூ. அதன் மூன்று சாலைகளிலும் அடிவாரக் கிராமங்களிலும் பல கோடைகளில் சைக்கிள் ஓட்டியிருக்கிறேன். அங்கே செல்லத் திட்டமிடும் நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, எனக்குத் தெரிந்த அளவில் கீழே பதில் எழுதியுள்ளேன்.

கேள்வி: மலைக்கு மூன்று பக்கங்களிலிருந்தும் சாலை இருப்பதாக அறிகிறேன். முதன்முறை ஏறுபவர் எந்தப் பக்கத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்?

பதில்: பெடுவான், மலோசேன், சோ என்ற மூன்று ஊர்களிலிருந்து சாலைகள் புறப்படுகின்றன. புகழ் பெற்றது பெடுவான் சாலை. டூர் த பிரான்ஸ் சைக்கிள் பந்தயம் பெரும்பாலும் அந்த வழியாகவே ஏறுகிறது. அதனாலேயே முதன்முறை வருபவர்கள் அனைவரும் அங்கே போய் நிற்கிறார்கள். என் கருத்தில் அது தவறான தொடக்கம்.

பெடுவானிலிருந்து உச்சி வரை சுமார் 21.5 கிலோமீட்டர், உயர்வு ஏறத்தாழ 1600 மீட்டர். சராசரி ஏற்றம் 7.5 விழுக்காடு (நூறு மீட்டர் தூரத்துக்கு ஏழரை மீட்டர் உயர்வு) என்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டுச் சமாளிக்கலாம் என்று நினைக்கிறோம். ஆனால், முதல் ஐந்தாறு கிலோமீட்டர் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே மென்மையாகச் செல்லும் பகுதியும் அந்தச் சராசரியில் அடங்கியிருக்கிறது. சேன் எஸ்டேவ் என்ற இடத்தில் சாலை இடப்பக்கம் கூர்மையாகத் திரும்பியதும் காடு தொடங்குகிறது. அங்கிருந்து ஷாலே ரெனார் விடுதி வரை ஏறத்தாழ ஒன்பதரை கிலோமீட்டருக்கு 9 விழுக்காட்டை ஒட்டிய ஏற்றம், மூச்சு வாங்கிக்கொள்ள ஓர் இடம்கூட இல்லாமல் நீள்கிறது. காட்டுக்குள் தொலைவு எதுவும் கண்ணில் படாது. எவ்வளவு ஏறினோம் என்பதைச் சாலையோரக் கிலோமீட்டர் கற்களைப் பார்த்துத்தான் அறிய வேண்டும்.

சோவிலிருந்து வரும் சாலை 26 கிலோமீட்டர் நீளமானது. ஆனால் அந்த ஊரே ஏறத்தாழ 760 மீட்டர் உயரத்தில் இருப்பதால், ஏற வேண்டியது சுமார் 1200 மீட்டர்தான். லாவெண்டர் வயல்களைக் கடந்து, ஓக் மரக் காட்டின் வழியாக, பேசிக்கொண்டே ஏறக்கூடிய சரிவில் ஷாலே ரெனாரை அடைந்துவிடலாம். அங்கே இது பெடுவான் சாலையோடு இணைகிறது; இறுதி ஆறு கிலோமீட்டர் இரு வழிகளுக்கும் பொதுவானது, சராசரியாக 8 விழுக்காடு. முதல் முறை சோ வழியாக ஏறுங்கள். மலையின் கடினமான முகத்தைக் கால்களில் வலு மிச்சம் இருக்கும்போதே பார்த்துவிடுவீர்கள். மறுநாளோ மறு ஆண்டோ பெடுவானை எதிர்கொள்ளும்போது உச்சிப் பகுதி பழகியதாக இருக்கும்.

மலோசேன் சாலை நீளத்திலும் உயர்விலும் பெடுவானுக்கு இணையானது. அதன் நடுப்பகுதியில் நேராக நீளும் சில கிலோமீட்டர்கள் 10 விழுக்காட்டைத் தாண்டுகின்றன. அவை வளைவே இல்லாமல் நீள்வதால், முன்னால் இருக்கும் ஏற்றம் முழுவதும் கண்ணெதிரே தெரிகிறது, அதுதான் கடினம்.

கேள்வி: கோவையில் வசிக்கிறேன், மேட்டுப்பாளையம்–குன்னூர் மலைப்பாதையில் பலமுறை ஏறியிருக்கிறேன். என் சைக்கிளில் முன்னே சிறிய வட்டத்தில் 34 பற்களும் பின்னே பெரிய வட்டத்தில் 28 பற்களும் உள்ளன. இது போதுமா?

பதில்: ஏறிவிடுவீர்கள், ஆனால் உங்கள் விருப்பப்படி ஏற முடியாது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 34-க்கு 28 கியரில் நிமிடத்துக்கு 60 முறை பெடல் சுற்றினால் வேகம் மணிக்கு சுமார் 9 கிலோமீட்டர். உங்கள் எடையும் சைக்கிள் எடையும் சேர்ந்து 85 கிலோ என்று கொண்டால், 9 விழுக்காடு ஏற்றத்தில் அந்த வேகத்துக்கு ஏறத்தாழ 200 வாட் ஆற்றல் தேவை. அதையும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இடைவிடாமல் தர வேண்டும். பின்னே 34 பற்கள் இருந்தால், அதே 60 சுற்றில் வேகம் மணிக்கு ஏழரை கிலோமீட்டராகக் குறையும். தேவைப்படும் ஆற்றலும் 170 வாட் அளவுக்கு இறங்கும். இந்த 30 வாட் வேறுபாடுதான், காட்டைக் கடந்தபின் வெட்டவெளியில் மீண்டும் ஏற உடம்பில் தெம்பு இருக்குமா இல்லையா என்பதை முடிவு செய்யும்.

சிறிய கியர் வைத்திருப்பதை வெட்கமாகக் கருதுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலர் காட்டின் நடுவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடப்பதையும் பார்த்திருக்கிறேன். பின்பக்கப் பற்சக்கரத் தொகுதியான கேசட்டை மாற்ற ஆகும் செலவு, விமானச் சீட்டின் விலையோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. ஆனால் இப்போதுள்ள பின்பக்கக் கியர் மாற்றி (derailleur) 34 பற்களைத் தாங்குமா என்பதைக் கடையில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: எந்த மாதம் ஏற்றது? காற்று மிகக் கடுமையாக இருக்கும் என்கிறார்களே?

பதில்: உச்சிச் சாலை பனிக்காலத்தில் மூடப்பட்டுவிடும், பொதுவாக நவம்பர் நடுப்பகுதி முதல் வசந்தகாலம் வரை ஷாலே ரெனாருக்கு மேலே வழி இருக்காது. ஜூன் மாதமும் செப்டம்பர் மாதமும் சிறந்தவை. லாவெண்டர் பூத்திருப்பதைக் காண வேண்டுமென்றால் ஜூலையில் செல்லுங்கள். ஆனால் காலை ஆறு மணிக்கே புறப்பட்டுவிடுங்கள்.

காற்றைப் பற்றி இன்னும் விரிவாகச் சொல்ல வேண்டும். ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக வடக்கிலிருந்து இறங்கும் மிஸ்ட்ரால் என்ற வறண்ட காற்று, தடுக்க எதுவும் இல்லாத இந்த மலையின் முகட்டில் முழு வேகத்தோடு மோதுகிறது. உச்சிக்குச் சற்று முன்னே உள்ள ஒரு திருப்பத்துக்கு ‘புயல்களின் கணவாய்’ என்றே பெயர். 2016ஆம் ஆண்டு ஜூலை 14 அன்று, டூர் த பிரான்ஸ் பந்தயத்தின் இறுதிக் கோட்டையே காற்றுக்கு அஞ்சி உச்சியிலிருந்து ஷாலே ரெனாருக்குக் கீழிறக்கினார்கள். உலகின் மிகச் சிறந்த வீரர்களுக்கே அந்த நிலை என்றால், நாம் தயங்காமல் திரும்பி வரலாம். ஒரு மே மாதக் காலையில், பெடுவானில் இலைகூட அசையாத நாளில் நான் ஏறத் தொடங்கினேன். காடு முடிந்த இடத்தில் பக்கவாட்டில் அடித்த காற்று முன்சக்கரத்தை ஒரு முழம் தள்ளிவிட்டது. அங்கேயே இறங்கி, ஷாலே ரெனாரில் சூடாக ஒரு காபி குடித்துவிட்டுத் திரும்பினேன். அடிவாரத்து வானிலையை நம்பாதீர்கள். உச்சிக்கென்று தனியாக வெளியிடப்படும் காற்றின் முன்னறிவிப்பை முந்தைய இரவே பாருங்கள்.

கேள்வி: உச்சி வெண்மையாக இருப்பது பனியாலா?

பதில்: கோடையில் தெரிவது சுண்ணாம்புக் கல். முன்பு இங்கே காடு இருந்தது. தூலோன் துறைமுகத்தில் கப்பல் கட்டுவதற்காகப் பல நூற்றாண்டுகள் மரங்களை வெட்டியதாலும் மேய்ச்சலாலும் மலை மொட்டையானது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மரங்களை மீண்டும் நட்டார்கள். பெடுவான் ஏற்றத்தில் உங்களுக்கு நிழல் தருவது அந்த உழைப்புதான்.

கேள்வி: பாரிஸில் இருக்கிறேன். கார் இல்லாமல் சைக்கிளோடு செல்ல முடியுமா?

பதில்: முடியும். அதிவேக ரயிலில் சைக்கிளைக் கழற்றிப் பையில் இட்டு அவிஞ்ஞோன் வரை செல்லலாம். அங்கிருந்து கார்பொந்த்ராவுக்குப் பயணிகள் ரயில் 2015 முதல் மீண்டும் ஓடுகிறது. கார்பொந்த்ராவிலிருந்து பெடுவான் 15 கிலோமீட்டர்தான், சைக்கிளிலேயே போய்விடுங்கள்.

கேள்வி: எனக்கு வயது 58. என் மனைவியும் உடன் வருகிறார். அவருக்குப் பெரிய மலை ஏறுவதில் விருப்பம் இல்லை. இருவரும் சேர்ந்து ஓட்டக்கூடிய வழி உண்டா?

பதில்: உங்கள் கேள்வி எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது, ஏனென்றால் இந்தப் பகுதியிலேயே நான் மிகவும் நேசிக்கும் சாலை உச்சிக்குச் செல்லும் சாலை அன்று. வில் சுர் ஒசோன் என்ற ஊரிலிருந்து நெஸ்க் ஆற்றின் ஆழமான பள்ளத்தாக்கு விளிம்பை ஒட்டிச் செல்லும் டி 942 சாலையைத்தான் சொல்கிறேன். சுமார் 20 கிலோமீட்டர் தூரத்துக்கு 2 விழுக்காட்டை ஒட்டிய ஏற்றம்தான்; 734 மீட்டர் உயரத்திலுள்ள காஸ்டெல்லாரா என்ற காட்சி மேடையை, இருவரும் அருகருகே உரையாடும் வேகத்திலேயே எட்டிவிடலாம். பாறையைக் குடைந்த சிறு சுரங்கங்கள், காலுக்குக் கீழே பல நூறு மீட்டர் ஆழம், எதிரே செங்குத்தாக எழும் ‘தேன்மெழுகுப் பாறை’ என்ற பெயருடைய பாறை. சோவுக்கு அவசரமாகச் செல்லும் கார்கள் தேனீக்களின் கணவாய் வழியாகச் செல்லும் சாலையைப் பயன்படுத்துவதால், பள்ளத்தாக்குச் சாலையில் வண்டிகள் குறைவு.

மேடையைக் கடந்து மோனியூ கிராமம், பிறகு சோ. அங்கே மதிய உணவு உண்டு, வந்த வழியே இறங்குங்கள். திரும்பும்போது பெடல் மிதிக்க வேண்டிய தேவை அதிகம் இருக்காது. பள்ளத்தாக்குக்குள் தண்ணீர் கிடைக்காது என்பதால் ஆளுக்கு இரண்டு புட்டிகளைப் புறப்படும் ஊரிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். இன்னொரு நாள், பெடுவானிலிருந்து 448 மீட்டர் உயரமுள்ள சிறிய மத்லேன் கணவாய் வழியாக மலோசேன் சென்று, க்ரோசோ ஊற்றின் அருகே நிழலில் அமரலாம். கவிஞர் பெட்ரார்க் 1336 ஏப்ரல் 26 அன்று தம் தம்பியோடு மலை ஏறியதாக எழுதிய கடிதத்தில், புறப்பட்ட ஊராக மலோசேனையே குறிப்பிடுகிறார்.

கேள்வி: டூர் த பிரான்ஸ் பந்தயத்தின்போது டாம் சிம்சன் என்ற பிரிட்டிஷ் சைக்கிள் வீரர் இறந்த மலை இதுதானே? நம்மைப் போன்றவர்கள் ஏறுவது ஆபத்தா?

பதில்: ஆம். 1967 ஜூலை 13 அன்று, 29 வயதில், உச்சிக்கு அருகே அவர் விழுந்தார். கடும் வெப்பம், உடல் வறட்சி, ஊக்கமருந்து, மது ஆகியவை சேர்ந்து, உடல் ‘நிறுத்து’ என்று சொன்னதை அவருக்குக் கேட்கவிடாமல் செய்துவிட்டன. உச்சிக்கு ஒரு கிலோமீட்டருக்குச் சற்று முன்னே அவருடைய நினைவுக் கல் இருக்கிறது. கடந்து செல்பவர்கள் தண்ணீர்ப் புட்டிகளையும் தொப்பிகளையும் அங்கே வைக்கிறார்கள். நானும் ஒவ்வொரு முறையும் நிற்கிறேன். தலை சுற்றினாலோ, வெயிலில் உடல் சிலிர்த்தாலோ, வியர்வை நின்றுபோனாலோ உடனே இறங்கி நிழலைத் தேடுங்கள். இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கிளம்ப வேண்டாம்.

கேள்வி: ஏறுவதைவிட இறங்குவதுதான் எனக்கு அச்சம்.

பதில்: அந்த அச்சத்தை மதியுங்கள். அடிவாரத்தைவிட உச்சியில் பத்து டிகிரி வரை குளிர் கூடுதலாக இருக்கும். வியர்வையில் நனைந்த சட்டையோடு இறங்கினால் விரல்கள் மரத்துப் பிரேக் பிடிக்க முடியாமல் போகும். ஆகவே காற்றைத் தடுக்கும் மெல்லிய மேற்சட்டையும் முழுவிரல் கையுறையும் முதுகுப் பையில் கட்டாயம் இருக்கட்டும். பிரேக்கை இடைவிடாமல் உரசிக்கொண்டே இறங்காதீர்கள்; வளைவுக்கு முன்னே நேரான பகுதியில் அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் விட்டுவிடுங்கள். சோ வழியாக இறங்குவது மற்ற இரண்டையும்விட எளிது.

கேள்வி: ஒரே நாளில் மூன்று பக்கமும் ஏறுபவர்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறதாமே?

பதில்: இருக்கிறது. மூன்று ஊர்களிலும் உச்சியிலும் அட்டையில் முத்திரை பெற வேண்டும். மொத்தம் 135 கிலோமீட்டருக்குச் சற்று மேல், உயர்வு ஏறத்தாழ 4400 மீட்டர். ஜூன் மாதத்தின் நீண்ட பகலில் செய்யுங்கள். பெடுவானை முதலிலும் மலோசேனை இரண்டாவதாகவும் முடித்து, சோவைக் கடைசிக்கு வைத்துக்கொண்டால், களைத்த கால்களுக்கு மென்மையான சாலை கிடைக்கும்.