தென் ஸ்பெயினுக்கு 4.75 லட்சம் போதுமா?

கேள்வி: நான் திருச்சியில் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை, வயது 61. தங்கைக்கு 57, வங்கி வேலை. இருவரும் தென் ஸ்பெயின் போக வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. ஐரோப்பாவுக்கு இதுதான் முதல் பயணம். இதற்கென்று 4.75 லட்சம் ரூபாய் எஃப்.டி.யில் வைத்திருக்கிறேன். ஒரு டிராவல்ஸில் 8 இரவுக்கு இருவருக்கும் சேர்த்து 6.4 லட்சம் சொல்கிறார்கள். குறைகிற 1.65 லட்சத்துக்கு, மூன்று வருடம் முன்பு மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்ட 15 லட்சத்தில் கை வைக்கலாமா, நகையை அடகு வைக்கலாமா? நாங்களாகவே போவதானால், வாடகைக் கார் எடுத்துத் தானே ஓட்டுகிறேன் என்கிறாள் தங்கை. எனக்கு முட்டி வலி உண்டு. என்ன செய்யலாம்?

பதில்: இரண்டும் வேண்டாம் டீச்சர். மூத்த குடிமக்கள் திட்டத்தில் தேவையான அளவு மட்டும் எடுத்துக்கொள்ள வழி கிடையாது. கணக்கையே முடிக்க வேண்டும். இரண்டு வருடம் கடந்த கணக்கை ஐந்து வருடத்துக்கு முன் முடித்தால் அசலில் 1 சதவீதம் பிடிப்பார்கள். 1.65 லட்சத்துக்காக 15 லட்சத்தின் மேல் 15,000 ரூபாய் தண்டம். போதாததற்கு, காலாண்டுதோறும் வந்துகொண்டிருக்கும் 30,750 ரூபாய் வட்டியும் நின்றுபோகும். நகைக்கடன் அதைவிடப் பரவாயில்லை. ஆனால் ஊர் சுற்றக் கடன் வாங்கினால் திரும்பி வந்த பிறகும் அந்தப் பயணத்துக்குப் பணம் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் கடன் உங்களுக்குத் தேவையே இல்லை என்பதுதான் விஷயம்.

நீங்கள் இணைத்து அனுப்பிய பயணத் திட்டத்தைப் படித்தேன். ஆறாம் நாளில் ஒரு வரி: “அல்ஹம்ப்ரா – டிக்கெட் கிடைப்பதைப் பொறுத்து.” தென் ஸ்பெயினுக்குப் பாதிப் பேர் போவதே கிரனாடாவில் இருக்கும் அந்த அரண்மனைக்காகத்தான். அதைப் ‘பொறுத்து’ என்று போட்டுவிட்டு 6.4 லட்சம் கேட்பது, கல்யாணச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுவிட்டு சோறு இருந்தால் போடுகிறோம் என்பது மாதிரி. அந்தத் தொகைக்கு மேல் டி.சி.எஸ். என்று முன்கூட்டியே பிடிக்கும் வரி ஒன்றும் சேர்ப்பார்கள். அது உங்கள் பான் கணக்கில் வரவாகி, வருமான வரித் தாக்கலில் திரும்பக் கிடைக்கும். ஆனால் அதுவரை பணம் உங்கள் கையில் இருக்காது.

நீங்களே திட்டமிடலாம். கஷ்டமில்லை, வரிசை மட்டும் தவறக்கூடாது. விசா வருவதற்கு முன் எந்தப் பணத்தைப் பூட்டலாம், எதைப் பூட்டக்கூடாது என்பதுதான் இதில் முக்கால்வாசி.

முதலில் மாதம். ஜூலை, ஆகஸ்டில் செவில், கோர்டோபா இரண்டு ஊரிலும் 40 டிகிரி சாதாரணம். வெயிலுக்கு நமக்குத் திருச்சி போதும். ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்திலும், அதையடுத்து செவிலில் நடக்கும் ஏப்ரல் திருவிழாவிலும் அறை வாடகை இரண்டு மூன்று மடங்காகும். உங்களுக்கு அக்டோபர் நடுப்பகுதி தோதுப்படும். தங்கைக்கும் ஆயுத பூஜை விடுமுறையை ஒட்டி லீவு போடலாம். உங்கள் காலாண்டு வட்டியும் அக்டோபர் தொடக்கத்தில் வந்துவிடும்.

தேதி முடிவானதும் முதலில் வாங்க வேண்டியது விமான டிக்கெட் அல்ல, அல்ஹம்ப்ரா டிக்கெட். பல வாரங்களுக்கு முன்பே தீர்ந்துவிடும் சரக்கு அது ஒன்றுதான். அதிகாரபூர்வ இணையதளத்தில் ஆளுக்குச் சுமார் 20 யூரோ சொச்சம். அதிலேயே, உள்ளே இருக்கும் நஸ்ரித் அரண்மனைகளுக்கு அரை மணி நேர இடைவெளியில் ஒரு நேரம் குறித்துக் கொடுப்பார்கள். அந்த நேரம் தவறினால் உள்ளே விடமாட்டார்கள். பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் டிக்கெட்டில் ஏறும், வாசலில் பாஸ்போர்ட்டைப் பார்ப்பார்கள். இங்கே நம்மவர்களுக்கு ஒரு சிக்கல். பாஸ்போர்ட்டில் நம்மில் பலருக்குக் குடும்பப்பெயர் கட்டம் காலியாக இருக்கும்; ஸ்பெயின்காரர்களுக்கோ அது இரண்டு. படிவம் காலியாக விட அனுமதிக்காது. விமான டிக்கெட்டில் எப்படிப் போடப்போகிறீர்களோ அப்படியே இங்கேயும் போடுங்கள், எண்ணை இரண்டு தடவை சரிபாருங்கள். விசா கிடைக்காமல் போனால் இந்த 45 யூரோ போகும். போகட்டும், அந்த அளவு நஷ்டத்தைத் தாங்கலாம்.

அறைகள் எல்லாவற்றையும் இலவசமாக ரத்து செய்யக்கூடிய வகையில் பதிவு செய்யுங்கள். சில யூரோ கூடுதல்தான். விசா விண்ணப்பத்தில் தங்குமிடச் சான்று கேட்பார்கள், அதற்கும் ஆயிற்று. ரயில் டிக்கெட்டை விசா வந்த பிறகே வாங்குங்கள். மலிவான கட்டண வகையில் பணம் திரும்பாது.

விசாவுக்குப் பயண நாளுக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். செலவுக்குப் பணம் இருக்கிறது என்றும் காட்ட வேண்டும்: அந்த நாட்டுக் குறைந்தபட்ச மாதச் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கு, ஒரு நாளுக்கு. 2025 கணக்கில் அது 118 யூரோ. கீழே சொல்லும் 11 நாள் பயணத்துக்கு ஆளுக்கு ஏறத்தாழ 1.36 லட்சம் ரூபாய். 4.75 லட்சமும் உங்கள் பெயரில் மட்டும் இருப்பதாகத் தெரிகிறது. தங்கை தன் சம்பளக் கணக்கு விவரத்தைத் தனியாகத் தர வேண்டும். விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் அவர் கணக்கில் திடீரென்று இரண்டு லட்சத்தைப் போட்டுவிடாதீர்கள். அதைத்தான் முதலில் சந்தேகப்படுவார்கள்.

சரி, கார். உங்கள் தங்கை நன்றாக ஓட்டுவார், நம்புகிறேன். நானும் நன்றாக ஓட்டுபவன் என்று நினைத்துத்தான் முதல் பயணத்தில் மலகாவில் ஒரு கார் எடுத்தேன். கவுன்ட்டரிலேயே கிரெடிட் கார்டில் 1,200 யூரோவைப் பிடித்து வைத்தார்கள். சாலையில் வலது பக்கம், கையில் கியர். கிரனாடாவில் விடுதியைத் தேடி ஒரு சந்துக்குள் போனேன். இரண்டு பக்கக் கண்ணாடியையும் மடக்கிய பிறகும் சுவருக்கும் காருக்கும் நடுவே ஒரு சாண் இல்லை. மாடியிலிருந்து ஒரு பாட்டி எட்டிப்பார்த்துக் கையால் ‘ரிவர்ஸ், ரிவர்ஸ்’ என்று காட்டினார். அது அந்தத் தெருக்காரர்களுக்கு மட்டுமான வழி, கேமரா இருக்கிறது என்பது இரண்டு மாதம் கழித்து அபராதம் வந்தபோதுதான் தெரிந்தது. அபராதத்தைத் தெரிவித்ததற்கு கார் கம்பெனி தனியாக ஒரு கட்டணம் எடுத்துக்கொண்டது! பழைய நகரங்களில் பார்க்கிங் மட்டும் நாளுக்கு 20 யூரோ ஆகும். நீங்கள் பார்க்கப்போகும் எதுவும் கார் போகும் இடத்தில் இல்லை.

மாற்று வழி ஒன்றும் மோசமில்லை. மாட்ரிட்டில் இறங்கி அதோச்சா நிலையத்திலிருந்து அதிவேக ரயிலில் ஏறினால் கோர்டோபா சுமார் 1 மணி 45 நிமிடம். அங்கே 2 இரவு. கோர்டோபாவிலிருந்து செவில் முக்கால் மணி நேரம், அங்கே 3 இரவு. செவிலிலிருந்து கிரனாடாவுக்குப் பேருந்தில் 3 மணி நேரம், அங்கேயும் 3 இரவு. பிறகு மலகா, பேருந்தில் இரண்டு மணி நேரத்துக்குள், 2 இரவு. திரும்பும் விமானத்தை மலகாவிலிருந்தே தேடுங்கள். விலை கட்டவில்லையென்றால் ரயிலில் மாட்ரிட் வந்து ஏறுங்கள். சென்னையிலிருந்து நேரடி விமானம் கிடையாது, வளைகுடா வழியாகவோ வேறொரு ஐரோப்பிய நகரம் வழியாகவோ மாறித்தான் போக வேண்டும்.

இந்த அதிவேகப் பாதையில் அரசு நிறுவனமான ரென்ஃபேயோடு இர்யோ, விகோ என்ற போட்டியாளர்களும் ஓட்டுகிறார்கள். அதனால் விலை விமான டிக்கெட் மாதிரி ஏறி இறங்கும். மாட்ரிட்–கோர்டோபாவை முன்கூட்டி எடுத்தால் 25–35 யூரோ, கடைசி நேரத்தில் இரண்டு மடங்குக்கு மேல். செவிலிலிருந்து காதிஸ் என்ற கடற்கரை ஊருக்கு ஒரு நாள் போய் வர நினைத்தால், அந்த நடுத்தர தூர ரயில் அப்படியல்ல, அதற்கு ஒரே விலை. அன்று காலை நிலையத்தில் வாங்கினால் போதும். உங்களுக்கு மட்டும் ஒரு சலுகை: 60 வயதானவர்களுக்கு ரென்ஃபே 6 யூரோவுக்குத் ‘தங்க அட்டை’ தருகிறது. பாஸ்போர்ட்டைக் காட்டி நிலையத்தில் வாங்கலாம். ரயிலைப் பொறுத்து 25 முதல் 40 சதவீதம் வரை குறையும். தங்கைக்கு மூன்று வருடம் பாக்கி.

இனி கணக்கு, யூரோ 105 ரூபாய் என்று வைத்து, இருவருக்கும் சேர்த்து. விமானம் 1.3 லட்சம். விசா, சேவைக் கட்டணம், காப்பீடு 30,000. பத்து இரவு, நாளுக்கு 90 யூரோ அறை: 94,500. ரயில், பேருந்து, டாக்ஸி 350 யூரோ: 36,750. நுழைவுக் கட்டணங்கள் 200 யூரோ: 21,000. சாப்பாடு நாளுக்கு 60 யூரோ, 11 நாள்: 69,300. மொத்தம் 3.82 லட்சத்தை ஒட்டி. கையிருப்பாக இன்னொரு 40,000 வைத்தாலும் 4.22 லட்சம். டிராவல்ஸ் சொன்னதைவிட இரண்டு இரவு அதிகம், உங்கள் எஃப்.டி.யிலும் 50,000 ரூபாய் மிஞ்சும்.

சாப்பாட்டுக்கு 60 யூரோ போதுமா என்று கேட்பீர்கள். வாரநாள் மதியம் ‘மெனு தெல் தியா’ என்று கேளுங்கள். 12 முதல் 16 யூரோவுக்குள் இரண்டு வகை, இனிப்பு, குடிக்க ஏதாவது சேர்த்துத் தருவார்கள். அங்கே மதியம் என்றால் இரண்டு மணி. சைவமானால், செவிலில் கீரையும் கொண்டைக்கடலையும் சேர்த்து சீரகம் போட்டு ஒன்று செய்வார்கள், நம் கூட்டுக்குப் பக்கத்து வீடு. கோர்டோபாவில் கத்தரிக்காயைப் பொரித்துக் கரும்புப் பாகு ஊற்றித் தருவார்கள். சால்மொரேஹோ என்ற தக்காளி சூப்பின் மேல் பன்றி இறைச்சி தூவுவது வழக்கம். வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நுழைவுக் கட்டணத்திலும் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம். கோர்டோபா மஸ்ஜித்-தேவாலயம், 785 வாக்கில் எழும்பத் தொடங்கிய கட்டடம், திங்கள் முதல் சனி வரை காலை 8.30 முதல் 9.30 வரை இலவசம். சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட வளைவுகள், 800க்கும் மேற்பட்ட தூண்கள். கூட்டம் வருவதற்கு முன் அந்தத் தூண்களுக்கு நடுவே நடப்பதற்கே சீக்கிரம் எழுந்திருக்கலாம். செவிலின் அரச மாளிகையான அல்காசாருக்குத் திங்கள் மாலை கடைசி நேரத்தில் இலவச அனுமதி உண்டு, ஆனால் அதைப் பிடிக்க அலைவதைவிடக் காசு கொடுத்துக் காலையில் போவதே மேல். மஸ்ஜித்தில் மிச்சம் பிடியுங்கள், அல்காசாரில் வேண்டாம்.

பணத்தை எடுத்துப்போகும் விதம்: யூரோவில் ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டு ஒன்று, 200 யூரோ ரொக்கம், அவசரத்துக்கு ஒரு கிரெடிட் கார்டு. சாதாரண கிரெடிட் கார்டில் அந்நியச் செலாவணிக் கட்டணம் 3.5 சதவீதம் என்றால், ஒரு லட்சம் செலவுக்கு 3,500, அதன்மேல் ஜி.எஸ்.டி. 630. கடையிலோ ஏ.டி.எம்.மிலோ “ரூபாயில் கட்டுகிறீர்களா, யூரோவிலா?” என்று திரை கேட்கும். நம் ஊர்ப் பணத்தைப் பார்த்ததும் கை தானாக ரூபாய்க்குப் போகும். யூரோவை அழுத்துங்கள். ரூபாய் என்றால் அவர்கள் வைத்ததுதான் விகிதம்.

கடைசியாக உங்கள் முட்டி. செவில் ஹிரால்தா கோபுரத்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள். உள்ளே படிகளுக்குப் பதில் 35 சரிவுகள், உச்சிக்கு மட்டும் சில படிகள். அல்ஹம்ப்ராதான் கால் கேட்கும் இடம். பிரதான வாயிலில் இருந்து நஸ்ரித் அரண்மனைக்கே கால் மணி நேரத்துக்கு மேல் நடக்க வேண்டும். கிரனாடா மையத்திலிருந்து மேலே போகும் சின்னச் சிவப்புப் பேருந்து, எண் C30, ‘நீதி வாசல்’ என்ற இன்னொரு நுழைவாயில் பக்கம் இறக்கிவிடும். அங்கிருந்து அரண்மனை கிட்டே. கையிருப்பு 40,000 என்று எழுதினேனே, அதில் 10,000 டாக்ஸிக்கு. அதை மிச்சம் பிடித்துக்கொண்டு வந்து எனக்குக் கணக்குக் காட்ட வேண்டாம் டீச்சர்.