கட்டுத்தரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அம்மாவுக்கு,

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே இருக்கிறோம். வீட்டில் தமிழ், பால் சொசைட்டியில் மலையாளம். எனக்கு வயது 46, படிப்பு எட்டாவது. 6 மாடு இருந்தது. இப்போது 5.

சபையில் பெண்கள் கூட்டத்தில் 9 வருடமாக ஐந்து நிமிடம் பேசி வருகிறேன். ‘கட்டுத்தரைச் செய்தி’ என்று அதற்குப் பேரே வைத்துவிட்டார்கள். மாடு படுத்து அசைபோடுவதைப் பார்த்தால், காலையில் வாசித்த வசனத்தை மத்தியானம் திரும்ப எடுத்து மெல்லுவதைப் பற்றிச் சொல்லுவேன். பழகாத காளையைப் பழகின காளையோடு சேர்த்துப் பூட்டி எங்கப்பா உழுவார். ஆண்டவர் தன் நுகம் மெதுவானது என்று சொன்னதே எனக்கு அதை வைத்துத்தான் புரிந்தது. எனக்கு வேதம் சொல்லித் தந்தது மாடுகள்தான் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மாசியில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ரூபி கன்னு போட்டது. ஜெர்சி கலப்பு, நாலாம் ஈத்து, நேரத்துக்கு 8 லிட்டர் கறக்கும். கிடாரிக் கன்னு. நஞ்சுக்கொடி விழுந்தது, சீம்பால் கறந்து கன்றுக்கும் கொடுத்தாயிற்று. காலையில் தண்ணீரைப் பாதியில் விட்டுவிட்டு, பின்னங்காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நின்றது. ஈன்ற களைப்பு என்று நினைத்தேன். அன்றைக்கு ஆராதனையில் நான் சாட்சி சொல்ல வேண்டிய முறை. 9 மணிக்குக் கிளம்பிப் போய்விட்டேன்.

1 மணிக்கு வந்து பார்த்தால் ரூபி படுத்திருக்கிறது. கழுத்தை மடக்கி முகத்தை வயிற்றோடு வைத்திருந்தது. காதைத் தொட்டால் ஜில்லென்று இருந்தது. டாக்டர் வந்து பாட்டிலைக் கட்டி ஊசி போடுவதற்குள் முடிந்துவிட்டது. பால் காய்ச்சல் என்றார்.

அடக்கம் செய்த சாயங்காலமே சபையில் ஒரு பெரியம்மா, “மாட்டுமேல நீ வெச்ச பிரியம் கர்த்தருக்குப் பொறுக்கல. இதுல உனக்கு ஒரு பாடம் இருக்கு, கண்டுபிடி” என்றார்கள். அன்றிலிருந்து தேடுகிறேன். சொசைட்டியில் பாலின் ஃபேட் (கொழுப்பு) குறைந்தால் எந்தப் பாவத்துக்கு, கன்று இருமினால் எந்தப் பாவத்துக்கு என்றே ஓடுகிறது. ராத்திரி ஒவ்வொரு மாட்டின் நெற்றியிலும் மூன்று தரம் கைவைத்து ஜெபிக்கிறேன். நடுவில் மனசு சிதறினால் திரும்ப முதல் மாட்டிலிருந்து தொடங்க வேண்டும். படுக்க 12 ஆகிறது. வீட்டுக்காரர், “செத்தது மாடுதானே, மனுசனா?” என்கிறார். கர்த்தருடைய வீட்டில் நான் உட்கார்ந்திருந்த நேரத்தில் என் மாட்டைக் கர்த்தர் ஏன் பார்த்துக்கொள்ளவில்லை? இப்படிக் கேட்கிறேனே, என் விசுவாசம் போய்விட்டதா?

— ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

நான் மாடு வளர்த்தவளில்லை. உங்கள் கடிதத்தின் விவரத்தை ஒரு கால்நடை மருத்துவரிடம் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். பாவத்தின் கணக்கைப் பார்க்கும் முன் கால்சியத்தின் கணக்கைப் பார்த்துவிடலாம்.

பேர்தான் காய்ச்சல், உடம்பு சுடாது, குளிர்ந்துதான் போகும். ஈன்றதும் சீம்பாலுக்காக ரத்தத்திலிருந்து கால்சியம் ஒரேயடியாக மடிக்கு இறங்குகிறது. எலும்பிலிருந்து எடுத்து அதை ஈடுகட்ட உடம்புக்கு நேரம் பிடிக்கும். நிறையக் கறக்கிற மாட்டுக்கு, மூன்றாம் ஈத்துக்கு மேல், ஈன்ற முதல் மூன்று நாளில் வருவது வழக்கம். ஜெர்சிக்குக் கூடுதலாகவே வரும். படுத்த பிறகு சில மணி நேரத்தில் உயிர் போய்விடலாம். ரூபிக்கு இந்த ஆபத்து அவ்வளவும் இருந்தது. உங்கள் பிரியம் இந்தக் கணக்கில் எங்கும் வரவில்லை.

பின்னங்காலை மாற்றி வைத்தது ஆரம்ப அறிகுறிதான். அதை மறைத்து உங்களுக்கு ஆறுதல் சொல்ல மாட்டேன். ஆனால் மத்தியானம் ஒரு மணிக்குத் தெரிந்ததை வைத்துக்கொண்டு காலை ஒன்பது மணிக்காரியை விசாரிக்கிறீர்கள். ஈன்ற மாடு களைத்து நிற்பதை எத்தனை தரம் பார்த்திருப்பீர்கள்! அதில் எத்தனை பிழைத்து எழுந்து தீவனம் தின்றன!

அந்தப் பெரியம்மா சொன்னதற்கு வருகிறேன். யோபுவின் கதை உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். 500 ஏர்மாடு, 500 கழுதை, 7000 ஆடு, 3000 ஒட்டகம் வைத்திருந்த மனுஷன் அவர், உங்கள் தொழில்காரர். எல்லாம் போன பிறகு நண்பர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் கூடவே தரையில் உட்கார்ந்தார்கள். அவர்கள் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றும். பிறகு வாயைத் திறந்து, ‘உன்னிடம் ஏதோ குற்றம் இருக்கிறது, கண்டுபிடி’ என்று பாடம் எடுத்தார்கள். கடைசியில் கர்த்தரின் கோபம் யார்மேல் வந்தது? கத்திக் கேள்வி கேட்ட யோபுவின்மேலா? சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோதும், அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகளா என்று இயேசுவே கேட்டு, இல்லை என்கிறார். ‘தொழுவத்திலே மாடு இல்லாமற்போனாலும்’ என்று பாடின ஆபகூக் தீர்க்கதரிசி, தன் புத்தகத்தைத் தொடங்குவதே புகாரில்தான். உங்கள் ‘ஏன்’ விசுவாசம் போனதன் அடையாளம் என்றால், அவரையும் சபையை விட்டு வெளியே அனுப்ப வேண்டியிருக்கும்.

9 வருடமாக மாட்டைப் பார்த்தீர்கள், பாடம் தானாக வந்தது. இப்போது பாடத்தைத் தேடிக்கொண்டு போகிறீர்கள், மாடு கண்ணில் படுவதில்லை. கன்று இருமினால் அது பால் புரையேறிய இருமலா, சளியா என்று பார்க்க வேண்டிய நேரத்தில் உங்கள் பாவத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

ராத்திரி ஜெபத்தைப் பற்றித்தான் எனக்குக் கவலை. சரியாகச் செய்யாவிட்டால் கெட்டது நடக்கும் என்ற பயத்தில் திரும்பத் திரும்பச் செய்ய வைப்பது பக்தியின் உடுப்பைப் போட்டுக்கொண்டு வரும் பதற்றம். ஓசிடி என்கிற எண்ணச்சுழல் நோய் இந்த வடிவத்திலும் வரும். இந்த வாரம் ஒரு மாட்டுக்கு ஒரே தரம், நின்றபடி, போதும். மனசு சிதறினால் சிதறட்டும். முதல் மாட்டுக்குத் திரும்பாதீர்கள். முதல் சில ராத்திரி நெஞ்சு அடித்துக்கொள்ளும். தாங்கிக்கொண்டு படுங்கள், தானாக இறங்கும். இரண்டு மூன்று வாரத்தில் குறையவில்லை என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். மாத்திரையும் பேச்சு சிகிச்சையும் இதற்கு நன்றாகக் கேட்கும். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

வீட்டுக்காரர் கேட்டாரே, ‘மாடுதானே’ என்று. சுற்றியிருப்பவர்கள் துக்கம் என்று ஒப்புக்கொள்ளாத துக்கத்தைப் பற்றி கென்னத் டோக்கா என்ற அமெரிக்க அறிஞர் 1989-லேயே எழுதியிருக்கிறார். வருடக்கணக்கில் தினம் இரண்டு நேரம் மடிக்கு அடியில் உட்கார்ந்தவளுக்கு அழ உரிமை உண்டு. உங்கள் வீட்டுக்காரருக்கும் உள்ளே ஏதாவது இருக்கலாம். ரூபியின் கயிறு இப்போது எங்கே தொங்குகிறது என்று கேட்டுப் பாருங்கள்.

கூட்டத்தில் உங்கள் முறை வரும்போது, ‘ரூபி செத்துப்போச்சு, இதில் என்ன பாடம் என்று எனக்குத் தெரியவில்லை’ என்று மட்டும் சொல்லிவிட்டு உட்காருங்கள். ஐந்து நிமிடத்தை நிரப்ப வேண்டியதில்லை.

ஒன்று விட்டுப்போயிற்று. மற்ற மாடுகளில் எது சினை? ஈனும் முன் கடைசி வாரங்களில், நல்லது என்று கால்சியம் பாட்டிலைத் தாராளமாக ஊற்றாதீர்கள், எலும்பிலிருந்து எடுக்கிற பழக்கம் மந்தமாகிவிடும் என்கிறார் மருத்துவர். தீவனத்தை மிருகாஸ்பத்திரியில் கேட்டு முடிவு செய்யுங்கள். ஈன்ற மூன்று நாளும் வீட்டில் ஆள் இருக்கட்டும். அதில் ஞாயிறு வந்தால், ஓய்வுநாளில் துரவில் விழுந்த மாட்டைத் தூக்கலாம் என்ற லூக்கா 14-ஆம் அதிகாரத்தைப் பாஸ்டரிடம் சொல்லி, முன்கூட்டியே லீவு கேட்டு வைத்துவிடுங்கள்.