வேதபாடக் குழுக்களின் கேள்விகள்: வசனத்தைப் பேசுகிறவர் யார்?

வேலூர் சுற்றுவட்டாரத்தில் வீடுகளில் வேதபாடம் நடத்துகிறவர்கள் கேட்டவை.

சத்துவாச்சாரி சகோதரி: மகன் செல்போன் கடை திறக்கிறான். 'துவக்கம் அற்பமாயிருந்தாலும் முடிவு சம்பூரணமாயிருக்கும்' என்று அழைப்பிதழில் போட்டுவிட்டோம். வேதபாடத்துக்கு வரும் ஒரு தம்பி, 'அது ஆண்டவர் சொன்னதே இல்லை' என்கிறான். அப்படியா?

தம்பி சொன்னது சரி. யோபு 8:7-ஐப் பேசுகிறவன் யோபின் மூன்று சிநேகிதரில் ஒருவனான பில்தாத். பத்துப் பிள்ளைகளையும் பறிகொடுத்துச் சாம்பலில் உட்கார்ந்திருக்கிற யோபிடம் வந்து பேசுகிறான். என்ன பேசுகிறான்? மேலே 4-ஆம் வசனத்தைப் பாருங்கள்: உம்முடைய பிள்ளைகள் பாவம் செய்தார்கள், அதற்கு வாங்கிக்கொண்டார்கள் என்கிற தோரணை. துக்க வீட்டில் பேசுகிற பேச்சா இது? அடுத்து, நீர் சுத்தமானவராயிருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறான். அந்த மூச்சிலேயே வருவதுதான் உங்கள் அழைப்பிதழ் வசனம். கடைசியில் 42:7-இல் கர்த்தர் இந்த மூன்று சிநேகிதர்மேலும் கோபங்கொண்டு, நீங்கள் என்னைக்குறித்துச் சரியாகப் பேசவில்லை என்கிறார்.

ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. 42:12-இல் யோபின் பின்னிலைமை முன்னிலைமையைவிட ஆசீர்வதிக்கப்பட்டது என்றே இருக்கிறது. பில்தாத் சொன்ன முடிவு வந்தது, அவன் சொன்ன காரணத்தினால் அல்ல. யோபு மறைத்து வைத்த பாவம் எதையும் அறிக்கையிட்டுத் திரும்பப் பெறவில்லை. இதைப் பேச ஒரு மாலை போதாது, 8-ஆம் அதிகாரத்தையும் 42-ஆம் அதிகாரத்தையும் இரண்டு வாரமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். அச்சடித்ததைக் கிழிக்க வேண்டாம். கடைக்குள் மாட்ட ஒரு வசனம் வேண்டுமென்றால் சங்கீதம் 90:17 இருக்கிறது, கைகளின் கிரியையை உறுதிப்படுத்தும் என்கிற ஜெபம்.

குடியாத்தம் வாலிபர் ஐக்கியம்: ஆளுக்கொருவராக 'இந்த வசனம் என்னோடு எப்படிப் பேசியது' என்று சொல்வதிலேயே நேரம் போய்விடுகிறது.

முதல் அரைமணி நேரத்துக்கு 'எனக்கு', 'என்னோடு' இரண்டையும் தடை செய்யுங்கள் தம்பி. யார், யாரிடம், எங்கே, அதற்கு முன்னால் என்ன நடந்தது. இவ்வளவுதான் கேள்வி. மாற்கு 2:1-12 வாசித்துவிட்டு வேதத்தை மூடச் சொல்லுங்கள். இயேசு யாருடைய விசுவாசத்தைக் கண்டார்? பாதிப் பேர் திமிர்வாதக்காரனுடையதை என்பார்கள். திறந்து பார்த்தால் 'அவர்கள் விசுவாசத்தை' என்று இருக்கும், அவனைச் சுமந்து வந்து கூரையைப் பிரித்து இறக்கிய நாலுபேரை விட்டுவிட்டுப் படிக்க முடியாது. இதையே மத்தேயு 9-இல் படித்தால் கூரையைப் பிரித்த கதையே கிடையாது. ஞாயிறு பள்ளியில் கேட்டதெல்லாம் சேர்ந்து தலைக்குள் ஐந்தாவது சுவிசேஷம் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும், அதை வாசிக்காமல் எதிரே இருப்பதை வாசியுங்கள். சாட்சி சொல்லவேண்டியவர்கள் அதற்கப்புறம் சொல்லட்டும், இன்னும் நன்றாகவே சொல்வார்கள்.

ஆற்காடு அக்கா: எங்கள் தெருவில் பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது. ஆராய்ச்சியெல்லாம் எங்களுக்கு எப்படி?

பவுலின் நிருபங்களைச் சபையார் காதால்தான் கேட்டார்கள் அக்கா. கொலோசெயர் 4:16-இல் இதை லவோதிக்கேயா சபையிலும் வாசிக்கச் செய்யுங்கள் என்று சொல்லியிருக்கிறது. இந்த ஆற்காட்டுப் பக்கத்திலேயே மிஷன் காலத்தில் வேதாகமப் பெண்கள் வீடு வீடாகப் போய் வாசித்துக் காட்டித்தான் வேலை நடந்தது. ஒருவர் நிதானமாக இரண்டு முறை வாசிக்கட்டும். பிறகு கேட்டவர்கள் கதையைத் திருப்பிச் சொல்லட்டும். விட்டுப்போனதைப் பக்கத்திலிருப்பவர் எடுத்துக் கொடுப்பார். படித்தவர்கள் கண்ணை ஓட்டிக்கொண்டு தாண்டிப் போகிற இடத்தில் உங்கள் தெருக்காரர்கள் நிற்பார்கள், பாருங்கள்.

காட்பாடி, செவிலியர் சகோதரி: புதுவருஷ ஆராதனையில் எரேமியா 29:11 வாக்குத்தத்த அட்டையில் வந்தது. உரிமை பாராட்டலாமா?

ஒரு வசனம் மேலே போங்கள்: பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்கள் திரும்ப எழுபது வருஷம். முந்தின அதிகாரத்தில் அனனியா என்கிற பொய்த் தீர்க்கதரிசி இரண்டே வருஷம் என்று ஜனங்களுக்கு முன்பாகச் சொல்கிறான். எரேமியா பாபிலோனுக்கு எழுதிய கடிதமோ வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்தப் பட்டணத்துக்காக ஜெபியுங்கள் என்கிறது. கேட்ட பெரியவர்களில் பலர் ஊர் திரும்பியிருக்க முடியாது. கர்த்தருடைய நினைவுகள் சமாதானத்துக்கேதுவானவை என்பது உண்மை, ஆனால் இந்த டிசம்பருக்குள் என்று அந்த அட்டையில் இல்லை.

ராணிப்பேட்டை: போனில் விளக்கவுரை பார்க்கலாமா?

பாருங்கள், கடைசிப் பத்து நிமிஷத்தில். முதலிலேயே திறந்தால் அதற்குப் பிறகு யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.