ஆடும்போதே விழுந்தாளா, ஆட்டம் நின்றபின் விழுந்தாளா?

கேள்வி: அப்பார்ட்மென்ட் ஹாலில் 4 முதல் 8 வயதுப் பிள்ளைகளுக்கு மாலையில் ஜும்பா மாதிரி டான்ஸ் ஃபிட்னஸ் சொல்லித் தருகிறேன். ஏழு வயதுப் பெண் ஒருத்தி இந்த மாதம் இரண்டு முறை பாட்டின் நடுவிலேயே மயங்கி விழுந்தாள். ஒரு நிமிடத்தில் தானாக எழுந்துவிட்டாள். "சாப்பிடாமல் வந்ததுதான் காரணம்" என்று வீட்டில் இப்போது குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து அனுப்புகிறார்கள். மற்ற பிள்ளைகளுக்கும் முகம் சிவக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, இரவில் கால் வலிக்கிறதாம். குதித்தால் வளர்த்தி நின்றுவிடும் என்று இணையத்தில் படித்தேன். எவ்வளவு நேரம், எந்த வேகத்தில் ஆடவிடலாம்?
– வாசகி, திருப்பூர்

பதில்: அந்தப் பெண்ணுக்கு ஈசிஜி எடுத்து, குழந்தைகளுக்கான இதய மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை அவளை ஆடவிடாதீர்கள். ஓட்டம், நீச்சல், பள்ளியில் பி.டி. வகுப்பு எதுவும் வேண்டாம். இன்றைக்கே பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசுங்கள்.

குளுக்கோஸை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள். வாய்க்குள் எதுவும் போகுமுன்பே எழுந்து உட்கார்ந்தவளுக்குச் சர்க்கரை எங்கிருந்து ஏறியது? சர்க்கரை குறைந்தால் பிள்ளை முதலில் வியர்க்கும், நடுங்கும், சிடுசிடுக்கும், தள்ளாடும். ஏதாவது உள்ளே போனால்தான் தெளியும். ஆடிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று விழுந்து, ஒரு நிமிடத்தில் தானாகத் தெளிவது அந்த வகை இல்லை. போதாததற்கு, அரை நினைவில் இருக்கும் பிள்ளையின் வாயில் தண்ணீர் ஊற்றினால் அது நுரையீரலுக்குள் போகும்.

பிள்ளைகள் மயங்குவதில் பெரும்பாலானவை சாதாரண மயக்கம்தான். வேகமாக ஆடிவிட்டுச் சட்டென்று நின்றால் ரத்தம் காலில் தேங்கும். "கண்ணு இருட்டுது மிஸ்" என்று சொல்லும், முகம் வெளுக்கும், மெல்லச் சரியும். படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பிடித்தால் தெளிந்துவிடும். அதற்கு நான் கவலைப்படுவதில்லை. ஆட்டத்தின் உச்சத்தில், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், கையை ஊன்றக்கூட முடியாமல் மரம் சாய்வதுபோல் விழுந்தால் அது இதயத் துடிப்பின் ஒழுங்கு தவறியதாக இருக்கலாம். மூளைக்கு ரத்தம் போகாத அந்தச் சில விநாடிகளில் கை கால் வெட்டிக்கூட இழுக்கும். அதைப் பார்த்து வலிப்பு என்று நினைத்து வருடக்கணக்காக வலிப்பு மாத்திரை தின்ற பிள்ளைகள் உண்டு.

துடிப்பை இப்படி ஒழுங்கு தவறவைக்கும் நோய்கள் அரிதானவை, பல குடும்ப வழி வருபவை. லாங் க்யூடி என்பது ஒன்று. ஓட்டம், நீச்சல், திடீரென்று கேட்கும் மணிச் சத்தம்கூட அதைக் கிளப்பிவிடும். சி.பி.வி.டி. என்பது இன்னொன்று, உடல் உழைப்பிலும் உணர்ச்சி வேகத்திலும் மட்டுமே தலைகாட்டும். ஆகவே பெற்றோரிடம் கேளுங்கள்: குடும்பத்தில் நாற்பது வயதுக்குள் யாராவது திடீரென்று இறந்தார்களா? நன்றாக நீந்தத் தெரிந்தவர் தண்ணீரில் போனாரா? யாருக்காவது 'வலிப்பு' என்று சொன்னார்களா? சொந்தத்தில் கல்யாணமா? பிறவியிலேயே காது கேளாத பிள்ளை மயங்கி விழுந்தால் ஈசிஜி எடுத்தே ஆகவேண்டும். செவிட்டுத்தன்மையும் லாங் க்யூடியும் சேர்ந்து வரும் ஒரு நோய், தாய் தகப்பன் இருவர் வழியிலும் அதே மரபணுக் குறை வந்தால் பிள்ளைக்கு வரும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். படுக்க வைத்து எடுத்த ஈசிஜி நார்மல் என்றால் கதை முடிந்துவிடாது. சி.பி.வி.டி. இருக்கும் பிள்ளைக்கு ஓய்வில் எடுத்த ஈசிஜி சுத்தமாக இருக்கும்; டிரெட்மில்லில் ஓடவிட்டுப் பார்த்தால்தான் தெரியும். இதயத் தசை தடித்திருக்கிறதா, ரத்தக்குழாய் சரியான இடத்தில் கிளம்புகிறதா என்பதற்கு எக்கோ என்ற இதய ஸ்கேன் வேண்டும். "ஆடும்போதே விழுந்தாள்" என்ற வார்த்தையை மருத்துவரிடம் அப்படியே சொல்லச் சொல்லுங்கள். "மயக்கம் வந்தது" என்று மட்டும் சொன்னால் சத்து டானிக் எழுதி அனுப்பிவிடக்கூடும். அன்றைக்கு வகுப்பை யாராவது செல்போனில் படம் பிடித்திருந்தால் அந்த வீடியோவையும் கொண்டுபோகட்டும். நோய் பிடிபட்டால் பெரும்பாலும் இதயத் துடிப்பை அடக்கிவைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரையைத் தினமும் கொடுப்பதோடு பள்ளிக்கும் விளையாட்டுக்கும் எவ்வளவு போகலாம் என்று மருத்துவர் வரம்பு சொல்வார்.

இனி எந்தப் பிள்ளை விழுந்தாலும்: பாட்டை நிறுத்துங்கள், தோளைத் தட்டிக் கூப்பிடுங்கள். மூச்சு சரியாக இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். பதிலும் இல்லை, மூச்சும் இல்லை, அல்லது விட்டுவிட்டு ஏங்குகிறது என்றால் 108-ஐக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நெஞ்சின் நடுவில் உள்ளங்கை அடியால் அழுத்துங்கள். நெஞ்சின் முன்பின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு, ஏறக்குறைய 5 செ.மீ. உள்ளே போகவேண்டும், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. முப்பது அழுத்தத்துக்கு இரண்டு மூச்சு, வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். கையில் சாவி கொடுப்பதும் வெங்காயத்தை முகரவைப்பதும் பொன்னான நிமிடங்களைத் தின்னும். ஒரு நாள் முறையாகப் பயிற்சி எடுத்துக்கொள்ளுங்கள். 20 பிள்ளைகளைப் பொறுப்பில் வைத்திருப்பவர் இதைக் கையால் செய்து பழகியிருக்கவேண்டும்.

மற்றவை சின்ன விஷயங்கள். முகம் சிவப்பது உடம்பு சூட்டை வெளியே விடும் வழி. நல்ல பாட்டுக்குத் துடிப்பு 170, 180 போவது இயல்பு. நிறுத்திய சில நிமிடங்களில் இறங்கிவிடும். '220-லிருந்து வயதைக் கழி' என்ற கணக்கு பெரியவர்களுக்கானது, பிள்ளைகளுக்குப் போடாதீர்கள். கையில் கட்டும் ஃபிட்னஸ் பட்டையையும் கழற்றுங்கள். பேசமுடிகிறது, பாடமுடியவில்லை என்றால் வேகம் சரி. குதித்தால் எலும்பு வலுக்கும், வளர்த்தி நிற்காது. இரவில் இரண்டு காலும் வலித்து, காலையில் துள்ளி ஓடினால் தேய்த்துவிட்டால் போதும். ஒரே காலில், ஒரே இடத்தில் வலித்து, காலையிலும் நொண்டினால் காட்டவேண்டும். ஆடி முடித்து ஐந்து பத்து நிமிடத்தில் இருமல் பிடித்தால் அது ஆஸ்துமாவாக இருக்கலாம். அண்ணனின் இன்ஹேலரை எடுத்து அடிக்காதீர்கள்.

நேரம் கேட்டீர்கள். ஆறு வயதுக்குள் 30 நிமிடம், அதற்கு மேல் 45. இரண்டு மூன்று நிமிடப் பாட்டு, பிறகு ஒரு நிமிடம் யானை நடை, ஆமை நடை. பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீர். டைல்ஸ் தரையில் சாக்ஸோடு ஆடவிடாதீர்கள், வழுக்கும். குதித்து இறங்கும்போது முட்டி மடங்கி, சத்தம் கேட்காமல் இறங்கச் சொல்லுங்கள். நான்கு வயதுப் பிள்ளைக்கு இடது வலது தெரியாது: எதிரில் நிற்கும் நீங்கள் கண்ணாடிபோல் மாற்றிக் காட்டுங்கள், ஒரு மணிக்கட்டில் சிவப்பு ரிப்பன் கட்டுங்கள். கடைசி வேகப் பாட்டு முடிந்ததும் யாரையும் அசையாமல் நிற்க விடாதீர்கள்; ஐந்து நிமிடம் ஹாலைச் சுற்றி நடக்கட்டும். சாதாரண மயக்கம் அதிலேயே குறையும்.

புதிதாகச் சேரும் பிள்ளையின் படிவத்தில் நான்கு கேள்வி சேருங்கள்: ஆடும்போதோ ஓடும்போதோ மயங்கியதுண்டா, நெஞ்சு வலித்ததுண்டா, வீட்டில் இளம் வயதில் திடீர் மரணம் உண்டா, இதயத்தில் ஓட்டை, சத்தம் என்று யாராவது சொன்னார்களா. ஒன்றுக்கு 'ஆம்' என்றாலும் மருத்துவர் சீட்டு வந்தபின் சேர்த்துக்கொள்ளுங்கள்.