எஞ்சின்கள் குறைகின்றன, கிராபிக்ஸ் வேலை எங்கே போகிறது?

யாழ்ப்பாணத்தில் இருந்தபடியே வெளிநாட்டு கேம் நிறுவனம் ஒன்றுக்கு ரெண்டரிங் நிரல் (காட்சியைத் திரையில் வரையும் நிரல்) எழுதும் ஒருவர், வேலை தேடுவோர் அனுப்பிய கேள்விகளுக்கு அளித்த பதில்கள்.

கேள்வி (கோண்டாவில், இறுதியாண்டு மாணவர்): அண்ணா, பெரிய கேம் நிறுவனங்கள் ஒவ்வொன்றாகத் தங்கள் சொந்த எஞ்சினை (விளையாட்டை இயக்கும் அடிப்படை மென்பொருளை) விட்டு எபிக் நிறுவனத்தின் அன்ரியல் எஞ்சினுக்கு மாறுகின்றன. சொந்த எஞ்சின் இல்லாத இடத்தில் கிராபிக்ஸ் புரோகிராமருக்கு என்ன வேலை இருக்கப் போகிறது?

பதில்: தம்பி, உங்கள் கவலையில் நியாயம் இருக்கிறது. அடுத்த விட்சர் விளையாட்டைத் தன் சொந்த ரெட் எஞ்சினில் அல்லாமல் அன்ரியல் 5இல் செய்வதாக சிடி புரொஜெக்ட் 2022 மார்ச்சில் அறிவித்தது. ஹேலோ விளையாட்டைச் செய்பவர்களும் 2024 ஒக்டோபரில் அதே வழிக்கு வந்தார்கள். கெப்கொம், ஈஏ போன்றவை சொந்த எஞ்சினைக் கைவிடவில்லை என்றாலும், ரெண்டரரை (எஞ்சினில் காட்சியை வரையும் பகுதியை) அடியிலிருந்து எழுதும் பதவிகள் முன்னைப்போல் இல்லை என்பதே உண்மை.

ஆனால் எஞ்சின் கைக்கு வந்தவுடன் வேலை முடிந்துவிடுவதில்லை. செக்கனுக்கு 60 பிரேம் வேண்டுமென்றால் ஒரு பிரேமுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 16.6 மில்லிசெக்கன் மட்டுமே. லூமென் (அன்ரியலின் ஒளிக்கணிப்பு முறை) தரும் ஒளி, நிழல், புகை, நீர் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். கணினி விளையாட்டுகள் புதிய இடத்துக்குள் நுழையும்போது திடீரெனத் திக்கி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். கிராபிக்ஸ் சில்லான ஜிபியுவுக்கு நிரல் கட்டளையிடும் இடைமுகங்களான டைரக்ட்எக்ஸ் 12, வல்கன் ஆகியவற்றில் ஷேடரையும் (பிக்சலின் நிறம் போன்றவற்றைக் கணிக்கும் ஜிபியு நிரலையும்) அதனோடு சேர்ந்த அமைப்புகளையும் ஒரே கட்டாக முன்கூட்டியே தயாரித்து வைக்க வேண்டும். அப்படித் தயாரிக்காத ஒன்று விளையாட்டின் நடுவில் முதன்முறையாகத் தேவைப்பட்டால், அது தொகுக்கப்படும்வரை (ஜிபியுவுக்குப் புரியும் வடிவுக்கு மாற்றப்படும்வரை) பிரேம் காத்திருக்கிறது. எவையெவை தேவைப்படும் என்று திரட்டி, அவற்றை ஏற்றும் திரையிலேயே தொகுத்து முடிக்கும் பொறுப்பு ஒருவர் தலையில்தான் விழுகிறது, இன்று நிறுவனங்கள் தேடுவதும் அந்த ஒருவரைத்தான். அன்ரியலின் மூல நிரலை, உரிம நிபந்தனைகளை ஏற்றுக் கணக்கை இணைக்கும் எவருக்கும் எபிக் நிறுவனம் கிட்ஹப் என்ற நிரல் பகிர்வுத் தளத்தில் திறந்துவிடுகிறது. பிறர் எழுதிய நிரலைப் படித்து, நேரம் எங்கே செலவாகிறது என்று அளந்து சொல்லப் பழகுங்கள்.

கேள்வி (சாவகச்சேரி): வல்கனில் சொந்தமாக ஒரு சிறு எஞ்சின் எழுதி வருகிறேன். விண்ணப்பத்துக்கு அது போதுமா?

பதில்: எழுதுங்கள், ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள், முக்கோணமும் நிழலும் காட்டும் சிறு எஞ்சின்கள் விண்ணப்பங்களில் நிறைய வருகின்றன. அண்மையில் என்னிடம் கருத்துக் கேட்டு ஒரு பிள்ளை அனுப்பியது பனந்தோப்புக் காட்சி ஒன்று. ஒவ்வொரு ஓலையும் பெரிய செவ்வகத் தகட்டில் ஒட்டிய படமாக இருந்ததால், ஓலை இல்லாத வெற்று இடத்துக்கும் ஜிபியு ஷேடரை ஓட்டிக்கொண்டிருந்தது. தோப்பு அடர்ந்த பக்கம் கமரா திரும்பியதும் ஒரே பிக்சலில் பல தகடுகள் குவிந்தன. அந்தப் பிள்ளை அதை ரெண்டர்டொக்கில் (ஒரு பிரேம் எப்படி வரையப்படுகிறது என்று காட்டும் கருவியில்) பிடித்து, தகடுகளை ஓலையின் விளிம்பை ஒட்டி வெட்டி, முன்பு எத்தனை மில்லிசெக்கன், பின்பு எத்தனை என்று இரண்டு பக்கத்தில் எழுதியிருந்தது. அந்த இரண்டு பக்கத்துக்கு எந்த நிறுவனமும் மதிப்பளிக்கும். ரெண்டர்டொக் இலவசம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி (பருத்தித்துறை): யூனிட்டி எஞ்சின் மட்டுமே தெரியும். 2023 கட்டணக் குழப்பத்துக்குப் பிறகு அதைக் கைவிட்டு கொடோட் எஞ்சினுக்குப் போகலாமா?

பதில்: 2023 செப்டெம்பரில் அறிவித்த அந்த நிறுவல் கட்டணத்தை (விளையாட்டு நிறுவப்படும் எண்ணிக்கையை வைத்து அறவிடுவது) யூனிட்டி ஓராண்டில் கைவிட்டது. 2024 ஜனவரியில் அங்கே ஏறத்தாழ 1800 பேரைக் குறைப்பதாக அறிவித்தார்கள்; அன்ரியலைச் செய்யும் எபிக்கிலும் அதற்குச் சில மாதம் முன்னர் ஏறத்தாழ 830 பேர் வேலை இழந்தார்கள். ஆகவே எந்த எஞ்சினையும் நம்பிக் குடியிருக்க முடியாது. கைத்தொலைபேசி விளையாட்டுகளில் யூனிட்டியின் இடம் பெரிது, அதை விடவேண்டாம். கொடோட் திறந்த மூல நிரல் என்பதால், அதன் ரெண்டரரில் ஒரு சிறு பிழையைத் திருத்தி அனுப்பினால், எஞ்சின் செய்பவர்களே உங்கள் நிரலைப் பகிரங்கமாக வாசித்துத் திருத்தம் சொல்வார்கள். அனுபவச் சான்று இல்லாத ஒருவருக்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

கேள்வி (சுன்னாகம், ஒரு தந்தை): மகன் உயர்தரத்தில் கணிதப் பிரிவு. விளையாட்டுச் செய்வதை நம்பி விடலாமா?

பதில்: ஐயா, அவர் இணைந்த கணிதத்தில் படிக்கும் காவிகள்தான் (வெக்டர்கள்) இந்தத் தொழிலின் அன்றாடக் கருவி, ஒரு சுவர் எவ்வளவு வெளிச்சமாகத் தெரியும் என்பதன் அடிப்படைக் கணக்கே இரண்டு காவிகளின் எண்ணிப் பெருக்கம் (dot product). விளையாட்டுத் துறை சரிந்தாலும் வாகனத் திரைகள், மருத்துவப் படிமங்கள், கட்டட வரைவு மென்பொருள், ஜிபியு நிறுவனங்களின் டிரைவர் பிரிவுகள் ஆகியவை இதே அறிவைக் கேட்கின்றன. பட்டப்படிப்பை மட்டும் இடையில் விடவிடாதீர்கள்.

கேள்வி (யாழ். திருநெல்வேலி): அண்ணா, என் மடிக்கணினியில் தனி கிராபிக்ஸ் கார்ட் இல்லை. எங்கே, எந்தப் பெயரில் விண்ணப்பிப்பது?

பதில்: தங்கச்சி, அண்மைக்கால மடிக்கணினி என்றால் அதன் உள்ளக ஜிபியுவிலேயே வல்கன் ஓடும், உங்கள் அன்ட்ரொய்ட் தொலைபேசி இன்னும் நல்ல சோதனைக்களம், ஏனெனில் மாலி, அட்ரீனோ போன்ற தொலைபேசி ஜிபியுக்கள் திரையைச் சிறு கட்டங்களாகப் பிரித்து வரைவதால், நினைவகத்துக்கு வீணாகப் போய்வரும் ஒவ்வொரு தடவையும் பற்றரியில் தெரியும். தொடக்கநிலை கிராபிக்ஸ் பதவிகள் அரிது. தொலைவிலிருந்து செய்யக்கூடியவை அதிலும் அரிது. ஆகவே ரெண்டரிங் எஞ்சினியர் என்று மட்டும் தேடாமல் டூல்ஸ் புரோகிராமர், டெக்னிக்கல் ஆர்ட்டிஸ்ட், எஞ்சின் புரோகிராமர் என்ற பெயர்களிலும் தேடுங்கள். கன்சோல் சோதனைக் கருவிகள் இரகசிய ஒப்பந்தத்துக்கு உட்பட்டவை என்பதால், கைத்தொலைபேசி, கணினி விளையாட்டுகளைச் செய்யும் நிறுவனங்களே நமக்கு எளிது. ஐரோப்பாவுக்கு முதலிடம் கொடுங்கள். கோடையில் லண்டனில் காலை ஒன்பது மணி என்றால் இங்கே பகல் ஒன்றரை, கலிபோர்னியாவில் அதே ஒன்பது என்றால் இங்கே இரவு ஒன்பதரை.