டிவிடி டிரைவுக்காகப் பழைய லேப்டாப் வாங்கலாமா?

வணக்கம். டிவிடி டிரைவ், புரொஜெக்டருக்கான விஜிஏ, லேப் கருவிகளை இணைக்கும் சீரியல் போர்ட் மூன்றும் இருப்பதால் செகண்ட்ஹேண்ட் லேப்டாப்பை வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், புதியதையே வாங்குங்கள்.

பாட டிவிடிகளுக்கு யுஎஸ்பியில் செருகும் டிரைவ் போதும். கையோடு எல்லாவற்றையும் ஹார்டு டிஸ்கில் ஏற்றிவிடுங்கள். வீட்டில் எழுதிய டிவிடி என்றைக்கு மக்கர் செய்யும் என்று சொல்ல முடியாது.

வகுப்பறை புரொஜெக்டருக்கு எச்டிஎம்ஐ-யிலிருந்து விஜிஏ-வுக்கு மாற்றும் அடாப்டர் கேளுங்கள். எதிர்த்திசைக்கானதும் பார்க்க அப்படியே இருக்கும், மாற்றி வாங்கினால் படம் வராது. விஜிஏ-வில் ஒலி போகாது, ஆடியோ ஜாக் வைத்ததாகப் பாருங்கள்.

இழுபறி உங்கள் பிஎல்சி (இயந்திரங்களை இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவி) லேபில்தான். அங்கே சீரியல் போர்ட்டுக்குப் பதிலாக யுஎஸ்பியில் செருகும் கேபிள் வேண்டும். யுஎஸ்பி-சீரியல் கேபிள்களில் போலி சிப் அதிகம். புரோலிஃபிக் நிறுவனச் சிப்பின் போலியாக இருந்தால் அந்த நிறுவனத்தின் புதிய டிரைவர் (சிப்பை இயக்கும் மென்பொருள்) வேலை செய்ய மறுக்கும். விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணமும் 'கோட் 10' பிழையும் வரும். நம்பகமான கடையில் எஃப்டிடிஐ என்ற நிறுவனத்தின் சிப் உள்ள கேபிளாகக் கேளுங்கள், கொஞ்சம் விலை கூடத்தான். அப்புறம், சில பழைய மென்பொருள்களுக்கு காம் 1 முதல் 4 வரையான போர்ட் எண்கள்தான் தெரியும். விண்டோஸ் காம் 9 என்று கொடுத்திருந்தால், டிவைஸ் மேனேஜரில் அந்தப் போர்ட்டின் அட்வான்ஸ்டு பகுதியில் எண்ணை மாற்றுங்கள்.

விண்டோஸ் வழியாகப் போகாமல் போர்ட்டை நேரடியாகத் தொடும் டாஸ் கால மென்பொருளாக இருந்தால் இந்தக் கேபிள் பெரும்பாலும் உதவாது. லேபில் சீரியல் போர்ட் உள்ள பழைய டெஸ்க்டாப் ஏதாவது கிடந்தால், காயலான் கடைக்குப் போகாமல் பிடித்து வையுங்கள்.