உப்புத் தண்ணீரும் வாசனைப் பயிர்களும்: கேள்வி-பதில்

போர் தண்ணீர் உப்பாக இருக்கிறது. புதினா வைக்கலாமா?

எவ்வளவு உப்பு? இசி, அதாவது தண்ணீரிலுள்ள உப்பைக் காட்டும் மின்கடத்து திறன் (அலகு dS/m), எவ்வளவு? நாக்கில் வைத்துப் பார்த்ததை எழுதியனுப்பினால் நான் என்ன சொல்வது? இசி 1-க்குள் இருந்தால் வையுங்கள். 2-ஐத் தாண்டினால் புதினாவை மறந்துவிட்டு பாமரோசா என்ற வாசனைப் புல் அல்லது வெட்டிவேரைப் பாருங்கள். முதலில் தண்ணீரைச் சோதியுங்கள்.

எலுமிச்சைப்புல்லில் இளந்தாள்கள் வெளுத்து, பச்சைக் கோடுகள் மட்டும் தெரிகின்றன.

இரும்புச் சத்துக் குறைபாடு. பைகார்பனேட் மிகுந்த தண்ணீரில் இது சகஜம். மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. அரை சதவீத அன்னபேதியோடு (இரும்பு சல்பேட்) கொஞ்சம் சிட்ரிக் அமிலம் கலந்து தெளியுங்கள். கரைக்க அதே போர் தண்ணீரை எடுக்காதீர்கள்.

பக்கத்து வயலில் ஜிப்சம் போட்டுப் பயிர் தேறிவிட்டது. நானும் போடலாமா?

இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை. அவர் தண்ணீர் வேறு, உங்கள் தண்ணீர் வேறு. ஜிப்சம் களருக்கு (சோடியம் ஏறிய மண்) மருந்து, உவருக்கு (உப்பு மிகுந்த மண்) அல்ல. கார்பனேட், பைகார்பனேட் இரண்டின் கூட்டுத்தொகையிலிருந்து கால்சியம், மக்னீசியத்தைக் கழித்தால் வருவதுதான் ஆர்எஸ்சி, அதாவது எஞ்சிய சோடியம் கார்பனேட் (அலகு meq/லிட்டர்). அது 2.5-க்கு மேல் போனால் சோடியம் மண்ணில் ஏறி, மண் இறுகி, தண்ணீர் இறங்காமல் நிற்கும். அங்கேதான் ஜிப்சத்திலுள்ள கால்சியம் சோடியத்தை வெளியே தள்ளும். ஏக்கருக்கு ஓர் அங்குலம் தண்ணீர் பாய்ச்சும்போது, ஆர்எஸ்சி ஒரு அலகு குறைய சுத்தமான ஜிப்சம் சுமார் 9 கிலோ வேண்டும். கடையில் கிடைப்பது அவ்வளவு சுத்தமில்லை, 12 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் உங்கள் தண்ணீரில் குளோரைடு மிகுந்து, இசி 4 இருந்தால்? ஜிப்சமும் ஓர் உப்புதானே, இருக்கிற உப்போடு இன்னும் கொஞ்சம் சேர்க்கிறீர்கள், அவ்வளவுதான். அங்கே தேவை வடிகாலும், உப்பை வேருக்குக் கீழே கழுவி இறக்க உபரித் தண்ணீரும். பரிசோதனை அறிக்கையைப் பார்க்காமல் மூட்டையைப் பிரிக்காதீர்கள்!

ஜெரேனியத்துக்குத் தெளிப்பு நீர்ப்பாசனம் சரியா?

உப்புத் தண்ணீரென்றால் வேண்டாம். சோடியமும் குளோரைடும் இலை வழியாகவே உள்ளே போய் ஓரம் கருகும்.

உப்புத் தண்ணீரில் எண்ணெய்ச் சதவீதம் கூடுமாமே?

சில பயிர்களில் லேசான உப்பில் கூடலாம். ஆனால் தழை குறைந்துவிடும். ஏக்கருக்கு எத்தனை கிலோ எண்ணெய் என்று கணக்குப் போடுங்கள், சதவீதத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

சோதனைக்குத் தண்ணீர் எப்படி எடுப்பது?

மோட்டாரை அரை மணி நேரம் ஓடவிடுங்கள். அதே தண்ணீரில் பாட்டிலை நன்றாகக் கழுவி, காற்று இல்லாமல் விளிம்பு வரை நிரப்பி, அன்றே அனுப்புங்கள். கோடையில் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை.